டிகாஷன் இறங்கிய பிறகு: கும்பகோணத்துக் காபி ஓட்டல்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டல் உரிமையாளர்களுக்கும், விடியற்காலை நாலு மணிக்கே பாய்லரைப் பற்றவைக்கும் மாஸ்டர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழு. டிகாஷன் இறங்கிய பிறகு பில்டரில் மிஞ்சும் திப்பியை உங்களிடம் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, சலித்து, உரிமம் பெற்ற ஒரு சோப்புத் தயாரிப்பாளருக்குக் கொடுக்கிறோம். கை கால் தேய்க்கும் சோப்பிலும், தேங்காய் எண்ணெயில் குழைத்து, தோலைத் தேய்த்துக் கழுவும் ஸ்கிரப்பிலும் அவர் அதைச் சேர்க்கிறார். இரண்டு வருடமாக இந்த வேலை நடக்கிறது. போன மாதம் ஒரு மூட்டை எங்களுக்கே திரும்பி வந்ததால்தான் இந்த மடல்.

மொத்தம் 12 கிலோ. வாயைப் பிரித்ததுமே புளித்த மாவின் வாடை அடித்தது. உள்ளே கைவிட்டுக் கிளறினால் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தோம். நடுவில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியிருந்தது. நான்கு நாள் வெயிலும் எங்கள் உழைப்பும் வீணாயின. விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஒரு கடையில் அந்தத் திப்பி இரண்டு நாள் மூடிய வாளிக்குள், அடுப்பு மேடைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. வாங்கும்போதே முகர்ந்து பார்க்காதது எங்கள் தவறு. ஆனால் நம் டெல்டாவின் புழுக்கத்தில் ஈரத் திப்பி ஒரு ராத்திரி கூடத் தாங்காது என்பதை அந்தக் கடையில் யாரும் அறிந்திருக்கவில்லை. குப்பைக்குப் போகிற பொருளைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அதனால் நாங்களே சொல்கிறோம்.

திப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காபிக்கொட்டையில் உள்ள எண்ணெய் தண்ணீரில் கரையாது. வாசனையும் கசப்பும் நிறமும் டிகாஷனோடு இறங்கிவிடும். எண்ணெயின் பெரும்பகுதி திப்பியிலேயே தங்கிவிடும். நன்றாகக் காய்ந்த காபித் திப்பியின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு எண்ணெய்தான். சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் லினோலிக் அமிலம் அதிலும் நிறைய இருக்கிறது. கொஞ்சம் காஃபீனும், காபிக்கொட்டையில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலமும் கூட மிஞ்சுகின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கொலம்பியாவைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிய காஃபே புவேனோ என்ற நிறுவனம் இந்த எண்ணெயைப் பிரித்து எடுத்து அழகுசாதனத் தயாரிப்பாளர்களுக்கு விற்கிறது. அழுத்தப்பட்ட கரியமில வாயுவைக் கொண்டு எண்ணெயைப் பிரிக்கும் முறையும் உண்டு. அதற்குப் பெரிய அழுத்தம் தாங்கும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரமெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. ஆனால் லண்டனில் உடன்பிறந்த இருவர் 2016-இல் தொடங்கிய அப்சர்க்கிள் என்ற நிறுவனம், காபிக் கடை காபிக் கடையாகத் திப்பி சேகரித்து ஸ்கிரப் செய்துதான் தொழிலுக்கு வந்தது. அது எங்களால் முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பு முகம் தேய்க்கும் கிரீம்களில் நறநறவென்று இருந்த மணிகள் பல, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போய்விடும். அமெரிக்கா 2015-இல் அதற்கெதிராகச் சட்டம் போட்டது. பிரிட்டன் 2018-இல் தடை செய்தது. காவிரியும் அரசலாறும் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் இதைப் பற்றி யோசிக்காமல் இருக்கலாமா? காபித் திப்பி தேய்த்த பிறகு மண்ணோடு மண்ணாக மட்கிவிடும்.

இனி நம் ஊர்க் காபிக்கு வருகிறேன். நம்மிடம் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. நாம் தூளைப் பாலில் கொதிக்க விடுவதில்லை. டிகாஷன் தனியாக இறங்குகிறது, பால் பிறகுதான் சேர்கிறது. அதனால் பில்டரில் மிஞ்சும் திப்பியில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இவ்வளவு சுத்தமான திப்பி பில்டரில் இருக்கும்வரைதான் சுத்தம். அதை டீத்தூள் சக்கை, பாலாடை, எச்சில் டம்ளர் கழுவிய தண்ணீர் எல்லாம் விழுகிற தொட்டியில் தட்டிய மறு நொடியே அது வெறும் குப்பை.

சௌகரியம் போலவே ஒரு சிக்கலும் நம்முடையதுதான்: சிக்கரி. உங்கள் தொழிலில் குறை சொல்ல வரவில்லை. கெட்டியான டிகாஷனுக்கு அது வேண்டும் என்பது தெரியும். காபி-சிக்கரிக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது காபி இருந்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு விதியே அனுமதிக்கிறது. ஆனால் சிக்கரி ஒரு வேர். தண்ணீரில் ஊறினால் குழைந்துவிடும். காபித் துகள் கடினமாகவே நிற்கும். விரல் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள், உடனே தெரியும். எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரி சேர்ந்த கலவையின் திப்பி சித்திரை வெயிலில் ஒரே நாளில் மணல் போல உதிரும். அறுபதுக்கு நாற்பது என்றால் களிபோல ஒட்டிக்கொண்டு மூன்று நாள் இழுக்கும், பூஞ்சையும் அதில்தான் முதலில் வருகிறது. அதனால் இரண்டையும் ஒரே துணியில் நாங்கள் கொட்டுவதில்லை. எந்த வாளி எந்தக் கலவை என்று சாக்பீஸால் எழுதி வைத்தால் போதும். வேறு யாரிடமும் அதைச் சொல்ல மாட்டோம்.

காய்ந்துவிட்டதா என்பதற்குக் கைதான் எங்கள் தராசு. ஒரு பிடி எடுத்து இறுக்கி விரிக்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். விரலிடுக்கில் சரசரவென்று வழிந்தால் சரி. பத்துக் கிலோ ஈரத் திப்பி காய்ந்தால் நாலு கிலோ தேறும். பிறகு இரண்டு சல்லடை. மாவு போல விழுவது சோப்புக்கு. மேலே நிற்கும் பரல் குதிகாலுக்கும் முழங்கைக்கும் மட்டும். முகத்தில் வைத்துத் தேய்த்தால் தோல் கீறும். இதை மூட்டையின் மேலேயே எழுதித்தான் அனுப்புகிறோம்.

"முகம் வெள்ளையாகும் என்று போடுங்கள், இரண்டு மடங்கு விலை தருகிறேன்" என்று ஒருவர் கேட்டார். காபித் திப்பி யாரையும் வெள்ளையாக்காது. அழுக்கையும் காய்ந்த தோலையும் தேய்த்து எடுக்கும், எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் விட்டுச்செல்லும், அவ்வளவுதான். அவருக்கு நாங்கள் ஒரு பிடிகூடக் கொடுக்கவில்லை. அழகுசாதனப் பொருளை உரிமம் இல்லாமல் தயாரித்து விற்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் இடம் தருவதில்லை. அதனால்தான் பொடியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். பில்டரைத் தட்டும் இடத்தில் ஒரு தனி வாளி. அதில் காபித் திப்பி தவிர எதுவும் விழக்கூடாது, பல் குத்தும் குச்சி கூட. தகர மூடியோ பிளாஸ்டிக் மூடியோ வேண்டாம். ஈ மொய்க்காமல் ஒரு பருத்தித் துணியைக் கட்டினால் போதும். காலை டிபன் கூட்டம் ஓய்ந்த பிறகு பத்து மணிக்கும், மாலை ஏழு மணிக்கும் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். வேறு வாளி, கழுவித் துடைத்து, அங்கேயே வைத்துவிட்டு வருவோம். ஈரத்தோடு எடை போட்டு கிலோவுக்கு 5 ரூபாய்.

அந்தப் பணத்தைப் பற்றி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அது கல்லாவுக்குப் போக வேண்டாம். நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும் நேரத்தில், கொதிக்கிற பில்டரைத் துணியால் பிடித்துத் தொட்டிக்குப் பதிலாக வாளியைத் தேடிப் போய்த் தட்டப்போவது மாஸ்டரும் அவருக்கு உதவும் பையனும்தான். அவர்கள் கையிலேயே கொடுக்க அனுமதியுங்கள். உங்களுக்குக் குப்பை வண்டியில் ஏற்றும் சுமை குறையும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மாடியில் துணி விரிக்க முடியாது. அதற்குள் முடிந்த அளவு காயவைத்து டின்னில் அடைத்துவிட வேண்டும். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காலி வாளியோடு உங்கள் கடையின் பின்கதவில் நிற்போம். மாஸ்டர் அண்ணனிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து,
குழுவின் சார்பில் அதன் செயலாளர்