பெற்றுக்கொடுத்தது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் படம் வந்திருந்தது. நல்ல தெளிவான படம். தராசு, சாக்கு, கூரைத் தகரத்தின் ஓட்டை வரைக்கும் தெரிகிறது. நடுவில் வெள்ளைச் சட்டையில் நிற்கும் தொழிற்சங்கத் தலைவரின் பெயரும் பதவியும் கீழே இருக்கின்றன. அவருக்குக் குடை பிடிப்பவரின் பெயர்கூட இருக்கிறது. சுற்றி நிற்கும் எங்கள் பதினொரு பேருக்கும் சேர்த்து ‘தொழிலாளர்கள் சிலர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். செய்தியின் முதல் வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘நீண்டகாலத் தராசுப் பிரச்சினைக்குத் தலைவர் தீர்வு பெற்றுக்கொடுத்தார்.’

பெற்றுக்கொடுத்தாராம்! யாரிடம் பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மடுவத்துக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் டிவிஷனில் மழை நாளில் ஈரத்துக்கு மூன்று கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ, முற்றல் இலைக்கு இன்னொன்று என்று கழிப்பார்கள். தராசின் முகம் எடை எழுதும் கணக்கப்பிள்ளையின் பக்கம் இருக்கும். அவர் வாயால் சொல்வதுதான் எடை. பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம்; பதினேழு என்றால் அரைப் பேர். இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்த நான், எத்தனையோ நாள் கூடை நிறையப் பறித்தும் அரைப் பேரோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

உயர்தரம் வரை படித்துவிட்டு, கொழும்பில் வேலை பிடிக்காமல் திரும்பி வந்த ஒரு பிள்ளை எங்கள் கொத்தில் இருக்கிறாள். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஒரு தொங்குதராசு வாங்குவோம் என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை, நூறு ரூபாய் போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன். மடுவத்துக்குப் போகும் வழியில் கொய்யா மரக் கிளையில் அதைக் கட்டி, ஒவ்வொருத்தி சாக்கையும் நிறுத்து, எண்பது பக்க அப்பியாசக் கொப்பியில் இரண்டு கோடு இழுத்து எழுதினாள். இடப்பக்கம் எங்கள் எடை, வலப்பக்கம் தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் விழுந்த எடை. மூன்று மாதம். கொப்பி மழையில் நனைந்து மை பரவியபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து புதுக் கொப்பியில் பிரதி எடுத்தாள். நான் விளக்குப் பிடித்தேன்.

அந்தக் கொப்பியைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கொடுத்தோம். ‘பிறகு பார்க்கலாம்’ என்றார். பிறகு என்றால் எப்போது என்று கேட்டு மடுவத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நாள் உட்கார்ந்தோம். ஐந்தாம் நாள் பின்னேரம் தராசின் முகம் எங்கள் பக்கம் திரும்பியது, கழிவு எவ்வளவு என்று பலகையில் எழுதப்பட்டது. வெள்ளைச் சட்டை வந்தது ஆறாம் நாள் காலை.

அவர் வந்தது தப்பில்லை. வரும்படி மூன்று நாள் தொலைபேசியில் கெஞ்சியதும் நாங்கள்தான். மாதாமாதம் சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டிய காலத்திலேயே வராதவர்கள், இப்போது வந்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த வினைச்சொல்லை அவருக்கு எழுதிக் கொடுத்தது நீங்கள்.

இந்தச் சொல்லை நான் வருடக்கணக்கில் உங்கள் பத்திரிகையில் படித்து வருகிறேன், ஐயா. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2018 ஒக்டோபரில் கொழும்புக் காலி முகத்திடலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகளை எந்தத் தலைவரும் பஸ் பிடித்துக் கூட்டிப் போகவில்லை. புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த என் மகன் அன்று சம்பளத்தை இழந்துவிட்டுத்தான் போனான். அடுத்த ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 என்று சங்கங்களும் கம்பனிகளும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில், அரசாங்கத்தின் சம்பளச் சபை வழியாக. அப்போதும் ‘பெற்றுக்கொடுத்தார்’.

2024 மே தினத்தில் கொட்டகலையில் 1700 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் லயத்தில் பட்டாசு வெடித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, செப்டெம்பரில் 1350 என்று வர்த்தமானி வந்தது. மே மாதம் ‘பெற்றுக்கொடுத்தார்’ என்று எழுதிய நீங்கள் செப்டெம்பரில் ‘சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது’ என்று எழுதினீர்கள். கூடும்போது வினைக்கு எழுவாய் இருக்கிறது, குறையும்போது எழுவாய் மாயமாகிவிடுகிறது. சாதாரண தரத்தில் தமிழுக்கு மட்டும் நல்ல புள்ளி எடுத்தவள் நான், அதனால் இது கண்ணில் படுகிறது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1750 சொல்லியிருக்கிறார்கள். அதில் நிர்வாகம் கூட்டுவது 200, வருகைக்கென்று அரசாங்கம் தருவது 200. அந்த வினைச்சொல்லுக்கு இப்போதே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் பெயரை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் உங்களோடு தொடங்கவில்லை. 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் குடியுரிமை போனது, 1949இல் வாக்குரிமையும் போனது. 1952இல் நாடாளுமன்றத்தில் எங்களுக்கென்று ஓர் ஆள் இல்லை. 1947இல் வாக்களித்த என் தாத்தா மறுபடி வாக்களிக்காமலே கண்ணை மூடினார். அப்பாவுக்கு, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் விரலில் மை பட்டது. அம்மாவோ, 1984 வரை ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அதே மலையில் அதே வெயிலில் நின்றவர்.

சரி, வாக்கு வந்தது. வந்து என்ன? எங்கள் லயத்துக்குக் கீழே மதகு உடைந்தபோது பிரதேச சபைக்கு நடையாய் நடந்தோம். அது தோட்டத்து எல்லை, சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் இடம் தராது என்றார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மதகு இன்னும் இரண்டு மின்கம்பத்தின் மேல்தான் நிற்கிறது.

அதற்கு முந்தைய வருடம், சபைகளில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்று சட்டம் வந்த புதிதில், ஒரு கட்சிக்காரர் என் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். அடையாள அட்டையின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்றேன். ‘பட்டியலில் ஒரு பெண் பெயர் குறைகிறது அக்கா. பெயர் மட்டும் போதும், நீங்கள் கூட்டத்துக்கெல்லாம் வரத் தேவையில்லை’ என்றார். அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். தொலையவில்லை, அரிசிப் பானைக்குள்தான் இருந்தது. பெயர் மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம் என்றார் அவர். ஆள் மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேரும் ஒருநாள் சந்தித்துப் பேசினால் நல்லது.

1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனைப் பற்றியும் 1977இல் டெவன் தோட்டத்தில் காணிக்காக உயிர்விட்ட சிவனு லெட்சுமணனைப் பற்றியும் நினைவுநாள் தவறாமல் எழுதுகிறீர்கள். நான் அவற்றை வெட்டி வைத்திருக்கிறேன். குறை சொல்லவில்லை. எங்களுக்குப் பெயர் போடுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

திருத்தம், வருத்தம் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் அந்தப் படத்தைச் சிறிதாகப் போட்டு, கீழே பதினொரு பெயர்களையும் போட்டால் போதும். தனித்தாளில் இடமிருந்து வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன். எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். ஒருத்தி மட்டும் மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், அவளுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். கொப்பி எழுதிய பிள்ளை படத்திலேயே இல்லை. அந்த நேரம் கொய்யா மரத்தடியில் சாக்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதியிருக்கிறேன், அதை முதலில் போடுங்கள். தராசைப் பிடித்திருப்பவர் கணக்கப்பிள்ளை. அவர் பெயரைப் போட்டால் அவருக்குச் சிக்கல் வரும், விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படத்தில் இடமிருந்து நான்காவதாக, இடுப்பில் படங்குத் துணி கட்டியபடி நிற்கும் ‘தொழிலாளர்கள் சிலரில்’ ஒருத்தி,
பொகவந்தலாவை.