இறால் நிரபராதி

பினாங்கு
ஞாயிறு

அன்புள்ள பாலா,

இங்கே எல்லாரும் நலம். தீபாவளி வாட்ஸப்புக்கே பதில் போடாதவன் கடிதம் எழுதுகிறானே என்று முறைக்காதே. விஷயம் இருக்கிறது.

என் உடம்பு வீங்குவதற்கும் இறாலுக்கும் சம்பந்தமே இல்லையாம்!

இருபது வருஷமாக ஹொக்கியன் மீ வாங்கும்போதெல்லாம் என் கிண்ணத்து இறாலைப் பொறுக்கித் தின்றாயே, கணக்குப் போட்டு வை. உதடு வீங்கினால் இறால், கை வீங்கினால் பூச்சிக்கடி, வயிறு முறுக்கினால் காற்று என்றார்கள். அலர்ஜி மாத்திரைக்கு ஒருநாளும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் தானாக வற்றும். அரிப்பு உண்டா என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. போன மாதம் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். உடனே ரத்தம் எடுத்தார்கள். சி4 என்ற புரதம் குறைவு. சி1 இன்ஹிபிட்டர் என்ற இன்னொரு புரதம் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

கிருமியை அடிக்க ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று முப்பதுக்கு மேல் புரதங்கள் இருக்கின்றன, ஒன்று அடுத்ததை உசுப்பிவிடும். முன்வரிசையில் நிற்கும் சி1ஐ அடக்கி வைப்பது இந்த இன்ஹிபிட்டர். அது குறைந்தால் சி1 காரணமில்லாமல் கிளம்பி சி4ஐத் தீர்த்துவிடுகிறது. ஆனால் வீக்கம் வருவது வேறு வழியில். ரத்தத்தில் இருக்கும் கல்லிக்ரீன் என்ற வேறொரு புரதத்துக்கும் இதேதான் கங்காணி. கங்காணி இல்லாத நாளில் அது கிளப்பிவிடும் பிராடிகைனின் என்ற பொருள் பெருகி, ரத்தக்குழாய் கசிந்து, நீர் சதைக்குள் இறங்குகிறது. அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை, மாத்திரை என்ன செய்யும்?

டொனால்ட்சன், இவான்ஸ் என்ற இரண்டு பேர் இந்த இன்ஹிபிட்டர் குறைவை 1963லேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அம்மா போனது 1974, பாலா.

பல் பிடுங்கிவிட்டு வந்த ராத்திரி. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உன் அப்பா லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கு ஓட்டினாரே. முனியாண்டி அடித்துவிட்டார் என்று மறுவாரம் கோழி அறுத்தார்கள். பல் பிடுங்கினாலே இது கிளம்புமாம். டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு எழுந்து வரக் கால் வரவில்லை.

பெற்ற பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. கவிதா அடுத்த மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க நாள் வாங்கியிருந்தாள். நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் அவளுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். நீ கூடப் போ. வழியில் பாட்டி கதையை மட்டும் எடுத்துவிடாதே. சனிக்கிழமை நான் வந்து சொல்கிறேன்.

உன்
சேகர்