கொத்தார்ட் கணவாயில் ஒரு பகல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பா,

நலம், உன் நலமறிய ஆவல். சுவிற்சர்லாந்தில் மகளிடம் தங்கியிருந்த காலத்தைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டிருந்தாய். மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். மருமகனும் நானும் துவிச்சக்கர வண்டியில் கொத்தார்ட் கணவாய்க்கு ஏறி, மேலே பனியில் ஓடித் திரும்பிய நாளைப் பற்றி மட்டும் இதில் எழுதுகிறேன்.

அக்கணவாயின் உயரம் 2,106 மீற்றர். நமது குடும்பிமலையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும் அவ்வீதியை, கோடை தொடங்கும் வேளையில் இயந்திரங்களால் பனியை வெட்டி ஒதுக்கித் திறக்கிறார்கள். 1980 இல் திறக்கப்பட்ட, சுமார் 17 கிலோமீற்றர் நீளமான சுரங்க வீதியிலேயே பாரவூர்திகள் பெரும்பாலும் செல்வதால், மேலேயுள்ள வீதி வண்டி மிதிப்பவர்களுக்கு அமைதியாகவே கிடைக்கிறது.

அண்டர்மற் என்ற ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். உயரம் கூடக் கூட மூச்சு வாங்கியது; கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் இங்குள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை, கடற்கரையில் வளர்ந்த என் நெஞ்சு நன்றாகவே உணர்ந்தது. வீதியின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர் நின்றது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடியின்றிப் பார்க்க இயலாது.

உச்சியில் வண்டிகளைப் பூட்டிவிட்டு, தெற்கே அயிரோலோப் பக்கம் இறங்கும் திரெமோலா என்ற பழைய கற்பாதையில் ஓடினோம். கருங்கல் பதித்த அப்பாதையின் 24 வளைவுகளும் மேலிருந்து பார்க்கும்போது மிக அழகானவை. இரவுக் குளிரில் இறுகிய பனியில், பாதம் முழுவதையும் ஊன்றிக் குறுகிய அடி வைத்து ஓட வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், சரிவுகளில் பனி சரியவும் கூடும் என்பதால், சில வளைவுகளோடு திரும்பிவிட்டோம்.

ஏற்றத்தைவிட இறக்கமே கடினம் என்று சொன்னால் நீ வியப்பாய். கல்லடிப் பாலத்தில் முகத்தில் மோதும் காற்றை நாம் விரும்பி வாங்கிக்கொண்டு மிதிப்போம். அங்கோ, வியர்வையில் நனைந்த சட்டையோடு வேகமாக இறங்கும்போது, கால்களுக்கு வேலையில்லாததால் உடலில் சூடு பிறப்பதில்லை. இருக்கும் சூட்டையும் காற்று பறித்துவிடும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்தவும் முடியாது. மருமகன் உலர்ந்த சட்டையும் தடித்த கையுறையும் கொண்டுவந்திருந்தார். ஐரோப்பிய வண்டியோட்டிகளின் பழைய வழக்கப்படி, மார்புக்கும் மேற்சட்டைக்கும் இடையே செய்தித்தாளையும் மடித்து வைக்கச் செய்தார். அந்தத் தாள் காத்த சூட்டை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

மார்கழியில் அங்குள்ள உன் மகனிடம் போவதாக எழுதியிருக்கிறாய். அப்போது வீதி மூடியிருக்கும். ஆடி அல்லது ஆவணிக்குப் பயணச்சீட்டை மாற்றிக்கொள். அதற்கு முன் நாமிருவரும் பதுளை வீதியில் பிபிலை வரை சென்று, லுணுகலை ஏற்றத்தில் மிதித்துப் பழகலாம். எந்த வாரம் உனக்கு வசதிப்படும் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்