சளியில் கிருமி இல்லை என்றால் டி.பி. இல்லை என்று ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய் முகாம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு டி.பி. வேறு மாதிரி வரும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் கடலூர் பகுதியில் விசைப்படகு வேலைக்குப் போகும் ஒருவர், வெளியூர் துறைமுகத்தில் இருந்தபோது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார், சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பாய் நனையும் அளவுக்கு வேர்வை, ஆனால் இருமல் பெரிதாக இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, டி.பி. இல்லை என்று டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எச்.ஐ.வி. இருப்பதை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் டி.பி. கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை, நெறிக்கட்டி, வயிறு, மூளை உறை என்று பரவும். சளியில் கிருமி குறைவாக இருக்கும், எக்ஸ்ரே கூட சில பேருக்குச் சாதாரணமாகத் தெரியும். அதனால் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் பரிசோதனை வேண்டும், சிறுநீரில் பார்க்கும் லாம் பரிசோதனையும் இவர்களுக்கு உதவும். இவருக்குக் கடைசியில் கழுத்து நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்துத்தான் டி.பி. என்று தெரிந்தது.

இதற்கு நேர்மாறாக, டி.பி. இல்லாததை டி.பி. என்று நினைப்பதும் நடக்கும். சி.டி.4 50-க்கும் கீழே போனவர்களை, தண்ணீரிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிற, டி.பி. கிருமிக்குச் சொந்தக்காரனான 'மேக்' என்ற கிருமி தாக்கும். விடாத காய்ச்சல், பேதி, ரத்தசோகை, எடை குறைவு என்று அறிகுறியும் கிட்டத்தட்ட அதே மாதிரி. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மருந்து வேறு. கிளாரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசினை எத்தாம்பியூட்டாலோடு சேர்த்துப் பொதுவாக ஒரு வருஷமாவது சாப்பிட வேண்டும். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. டி.பி.யோ காற்று வழியாகத்தான் பரவும், தட்டு டம்ளரால் அல்ல. இது தெரியாமல் எங்கள் பக்கத்தில் நோயாளியின் தட்டையும் டம்ளரையும் திண்ணையில் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார்கள், பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

இன்னொன்று, எச்.ஐ.வி. உள்ளவர்கள் யாரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தெரியாமல் டி.பி. மருந்து தொடங்க வேண்டாம். ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்து சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், அதனால் ஒரு வேளை மாத்திரையை இரண்டு வேளையாக்க வேண்டியிருக்கும்.

கடலூர், புதுச்சேரி ஏ.ஆர்.டி. மையங்கள் எல்லாவற்றிலும் சி.டி.4 குறைந்தவர்களுக்கு லாம் பரிசோதனை தட்டாமல் கிடைக்க அதிகாரிகள் வழி செய்ய வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களை அங்கே திட்டாதீர்கள், திட்டுக்குப் பயந்தே பல பேர் நோய் முற்றும் வரை வருவதில்லை. மருந்து இலவசம் என்பதையும், 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம் என்பதையும் உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர் முதுநகர்