சிக்கனத்துக்கும் ஒரு கைமுதல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலைவாசி ஏறிக் கிடக்கும் இந்நாளில் குடும்பச் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வருமானத்தை மாதத் தொடக்கத்திலேயே பங்கு பிரிக்க வேண்டும், சில்லறையாக வாங்காமல் மொத்தமாக வாங்க வேண்டும், செலவை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும் என்ற மூன்றும் சரியான யோசனைகளே. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், இருப்புப் பதிவேடு எழுதிய பழக்கத்தில் வீட்டுக் கணக்கையும் இன்றுவரை நோட்டில் எழுதி வருகிறேன். ஆனால் அக்கட்டுரை மாதச் சம்பளம் வாங்கும் வீட்டை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். என் தாயாரும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார். கூலி வாரக் கணக்கு. சனிக்கிழமை கைக்கு வரும் பணத்தில் பழைய பாக்கிக்கும் சீட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு, தெருமுனைப் பலசரக்குக் கடையில் நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் புளி, பத்து ரூபாய்க்கு எண்ணெய் என்று அன்றாடம் வாங்குகிறார்கள். அதே துவரம் பருப்பைக் கிலோக் கணக்கில் வாங்கும் எனக்கு ஆகும் விலையைவிட, நூறு நூறு கிராமாக வாங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிலோவுக்கு அடக்கமாகும் விலை கூடுதல் என்பதை இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்தோம். கடனுக்குப் பொருள் கொடுப்பவரும் அந்தக் கடைக்காரரே என்பதால் விலையைப் பற்றிப் பேச வாய் எழாது.

உறையிட்டுப் பெயர் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் விதிக்கப்பட்டபோது, கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டைகள் வந்து இறங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மூட்டையாக வாங்க முடிந்தவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ பை வாங்கியவர் வரியைக் கட்டினார். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் அரிசிக்கு வரி கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அப்படி நிறுத்துத் தரும் கடைகள் எங்கள் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகின்றன.

எங்கள் தாய்மாரின் சிக்கனம் பருவத்தை ஒட்டி நடந்தது. தையில் உளுந்து, மாசி பங்குனியில் புதுப்புளியும் விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வற்றலும், பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்ததும் நெல் என்று விலை இறங்கியிருக்கும் நேரம் பார்த்து ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிவிடுவார்கள். புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை கவலையில்லை. பீடி சுற்றிய என் தாயாரால் இது முடிந்ததற்குக் காரணம் அவருடைய சாமர்த்தியம் மட்டுமன்று. வயல் வேலைக்கும் போய்க் கூலியை நெல்லாக வாங்கி வந்த என் பாட்டியும் வீட்டில் இருந்தார்.

சமையலிலும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2023 ஜூலையில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டு, தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, என் வீட்டில் ஒரு மாதம் தக்காளி வாங்கவே இல்லை. மோர்க்குழம்பு, அவியல், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்று தக்காளியே தேவைப்படாத சமையல் நம் பக்கத்தில் நிறையவே உண்டு. (2025-இல் தேங்காய் விலை ஏறியபோது மட்டும் இந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லவில்லை. தேங்காய்ப் பால் இல்லாமல் சொதி ஏது? மறுவீட்டு விருந்தைத் தவிர எங்கும் சொதி வைக்கவில்லை.)

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பது பெரிய ஆதரவு என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் பருப்பு வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு முறை நடந்தால் பீடி சுற்றும் பெண்ணுக்கு அரை நாள் வேலை போய்விடுகிறது. எந்த நாளில் எந்தப் பொருள் கிடைக்கும் என்று கடை வாசலில் முன்கூட்டியே எழுதிப் போட்டாலே போதும்.

இந்தக் கடிதத்தின் முக்கியமான வேண்டுகோள் வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்கள் பயிருக்கும் நகைக்கும் கடன் தருகின்றன. புளி, மிளகாய், உளுந்து போன்ற ஆண்டுச் சாமான்களை வாங்குவதற்கென்று, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக, வாரத் தவணையில் திருப்பிச் செலுத்தும் சிறு கடன் ஒன்றை மாசி மாதத்தில் ஏன் தரக்கூடாது? இப்போது இந்தப் பெண்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது தனியார் சீட்டைத்தான். எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடித்தவர் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதில், ஓராண்டாகச் சேர்த்த சிறுவாட்டை இழந்த பெண்களை நான் அறிவேன். அவர்களிடம் போய்ச் சேமிப்பின் அருமையைப் பேசுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற மாசியில் நாங்கள் ஐந்து வீட்டார் சேர்ந்து, திருநெல்வேலி டவுனில் மொத்தக் கடையில் புளியும் மிளகாயும் வாங்கி வந்து பங்கு பிரித்துக்கொண்டோம். ஐந்தாவது வீட்டுக்கு அப்போது கையில் பணமில்லாததால் மற்ற நால்வரும் சேர்ந்து போட்டோம். அந்த வீட்டுப் பெண் சனிக்கிழமைதோறும் நூறு ரூபாயாகக் கொடுத்து, ஆடி பிறப்பதற்குள் முழுவதையும் தீர்த்துவிட்டார். வரும் மாசிக்கு மேலும் ஆறு வீட்டார் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் மொத்தமாகப் பணம் இல்லை. எங்கள் நால்வர் கையிருப்பும் அத்தனை பேருக்கு எட்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.