சீரத்தில் மிதக்கும் பிடி-எல்1

அன்புள்ள மகளுக்கு,

புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் மிதக்கும் கரைநிலைப் பிடி-எல்1 (PD-L1) புரதத்தை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஆன்டிபாடிகளால் புரதத்தைப் பிடித்து நிறத்தைக் கொண்டு அளக்கும் எலைசா தட்டுகளோடு காலம் கழித்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

புற்றுச்செல் தன் மேற்பரப்பிலுள்ள பிடி-எல்1-ஆல் நோய் எதிர்ப்புப் படையான டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்னும் புரதத்தைப் பற்றி அதன் வேகத்தை அடக்குவதும், இத்தகைய தடைகளை விலக்கும் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றதும் நீ அறிந்தவையே. அதே புரதத்தை ஏடாம்10, ஏடாம்17 ஆகிய நொதிகள் செல்லின் மேலிருந்து வெட்டி இரத்தத்தில் விடுகின்றன. சில வேளை, இப்புரதத்துக்கான ஆர்என்ஏவின் துண்டுகள் மாற்றி இணைக்கப்படும்போது சவ்வில் பதியும் பகுதி விடுபட்டு, செல்லே அதைச் சுரந்துவிடுகிறது. திசு எடுக்கும் பயாப்சி ஊசி கட்டியின் ஒரு மூலையை ஒருநாள் மட்டுமே காட்டும். இரத்தத்தையோ சிகிச்சை நெடுகிலும் எடுக்கலாம். ஆகவே கட்டியின் நிலையை இரத்தத்திலேயே அறிய வேண்டும் என்ற ஆசை நியாயமானதே.

ஆனால் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், அளக்கும் அந்த எண் கட்டியிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன உறுதி? கருவுற்ற பெண்ணிடமும், முடக்குவாதம் உள்ளவரிடமும், தொற்றுக்கு ஆளானவரிடமும் அது உயர்கிறது. நுரையீரல் புற்றில் பிடி-1-ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தனியே தருவதற்கு, திசுவில் பிடி-எல்1 உள்ள புற்றுச்செல்கள் 50 விழுக்காடு என்றொரு எல்லை வகுத்தார்கள்; சீரத்துக்கு அப்படி எல்லோரும் ஏற்ற எல்லை இல்லை. அளவு கூடியவர்களின் ஆயுள் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டினாலும், நோயின் போக்கை உரைப்பது வேறு, மருந்து பலிக்குமா என்று உரைப்பது வேறு. இவ்விரண்டையும் கலந்து எழுதும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒருமுறை நோயாளிகளின் சீரத்தை முழுவதும் தட்டின் ஓரக் குழிகளிலும், ஒப்பீட்டுச் சீரத்தை நடுவிலும் இட்டேன். வினையை நிறுத்தும் அமிலம் சேர்த்ததும் ஓரங்கள் அடர்மஞ்சளாக மின்ன, பெரிய வேறுபாட்டைக் கண்டுவிட்டதாகவே மகிழ்ந்தேன். மூடியை ஒழுங்காக ஒட்டாததால் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகியிருந்தது என்பது, இடம் மாற்றி மறுபடி செய்தபோதுதான் விளங்கியது. ஆகையால் மாதிரிகளைக் கலைத்து இடு. ஒரே நோயாளியின் வெவ்வேறு நாள் மாதிரிகளை ஒரே தட்டில் வை. உறைந்ததைத் திரும்பத் திரும்ப உருக்காதே. பிடி-எல்1-ஐயே குறிவைக்கும் அட்டெசோலிசுமாப் போன்ற மருந்து பெற்றவரின் சீரத்தில் மருந்தே புரதத்தைப் பற்றியிருக்கும் என்பதால், அங்கே எண்ணின் ஏற்ற இறக்கத்தை உடனே நம்பிவிடாதே.

உன் எலைசா கிட்டிலுள்ள ஆன்டிபாடிகள் புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கின்றன என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அது தெரிந்த பிறகு உன் எண்களைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா