கிறுக்கல் இருக்கட்டும்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அந்தப் பழைய மெட்ராஸ் படத் தபால் கார்டுகளில், படத்து வானத்தின் மேல் எழுதியிருப்பதை அழித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்பா, அந்தக் கிறுக்கல்தான் சரக்கே. ஹைகோர்ட் படம் எங்கேயும் கிடைக்கும். அதன் ஜன்னல் ஒன்றில் இன்ட்டு போட்டு ஒருவர் எழுதிவைத்த குறிப்பு வேறெங்கே கிடைக்கும்?

படத்தின் மேல் எழுதியதற்கும் காரணம் உண்டு. அப்போது பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். பின்பக்கத்தைப் பாதியாகப் பிரிக்க பிரிட்டன் 1902-ல்தான் அனுமதித்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

முதலில் ஸ்கேன். இரண்டு பக்கமும், அங்குலத்துக்கு 600 புள்ளி, டிஃப் (TIFF) கோப்பாக. தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடு. இல்லாவிட்டால் பழுப்புத் தாளை வெளுப்பாக்குகிறேன் என்று மங்கலான பென்சில் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பென்சில் தடம் தெரியாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்.

ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது. அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சில் ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். தபால் தலையை ஊறவைத்து எடுக்கும் ஆசையும் வேண்டாம். முத்திரை பாதி அதன் மேல்தான் இருக்கிறது.

தேதியில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். முத்திரையில் இருப்பது கார்டு போட்ட நாள், படம் எடுத்த நாள் அல்ல. ஒரே படத்தைக் கம்பெனிக்காரர்கள் பல வருஷம் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றார்கள். ஆகவே படத்தைத் தனியாக விசாரி. டிராம் ஓடினால் 1895-க்குப் பின். மூர் மார்க்கெட் நின்றால் 1900-க்குப் பின். எண்ணெய்த் தொட்டி எரிந்தால் ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்ட 1914 செப்டம்பர். தபால் தலையில் எட்வர்ட் ராஜா படம் இருந்தால் கார்டு போனது 1902-க்கு முன்னால் இருக்காது. ஓரத்தில் வீலே அண்ட் க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் என்று கம்பெனிப் பெயர் பொடி எழுத்தில் இருந்தால் அதையும் குறித்துவை.

பத்து மடங்கு லென்ஸில் வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அசல் போட்டோ. வண்ணத்தை நம்பாதே. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிற்பாடு பூசியது அது, புடவை நிறத்துக்குச் சாட்சி ஆகாது.

லேமினேஷன், செலோடேப், பிவிசி உறை மூன்றும் கூடாது. பாலியெஸ்டர் உறையில் ஒன்றொன்றாகப் போட்டு அட்டைப் பெட்டியில் வை. ராமபாணப் பூச்சிக்கு ஈரக்கசிவு பிடிக்கும். அதனால் வெளிச்சுவர்ப் பக்கம் வேண்டாம்.

அந்த இன்ட்டு போட்ட கார்டை முதலில் அனுப்பு. பின்பக்கத்தையும் மறக்காதே.

அம்மா